மகளுக்காக வெட்டிய டீசேர்ட்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று விடாமல் வீசுகிற மாதத்தில் நடந்தது இது. நான் இருப்பது கண்டக்குழி என்ற கடலோர ஊரில். இங்கே வெளிநாட்டுக்காரர்கள் பலகையில் நின்று, பெரிய பட்டமொன்றைப் பிடித்துக்கொண்டு கடலில் பறப்பார்கள். கிழிந்த பட்டங்களைத் தைத்துக் கொடுப்பது என் தொழில். காற்று கூடினால் கிழிசலும் கூடும், எனக்கு வேலையும் கூடும். அந்த நேரம் பார்த்துத்தான் என் மகள், நாள் ஆகும் முன்பே பிறந்துவிட்டாள்.

மனைவிக்கு ஆபரேஷன். பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மூச்சு விடுவதை இடைக்கிடை மறந்து போகிறாள் என்று டாக்டர் சொன்னார். பார்வை நேரத்தில் மட்டும், தூர நின்று பார்க்க விட்டார்கள். நானோ ஓர் இடத்தில் இருக்கத் தெரியாதவன். சாப்பிடும்போதுகூட என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஆஸ்பத்திரி முற்றத்தில் நான் நடந்த நடையைப் பார்த்துக் காவலாளிக்கே தலை சுற்றியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போய் ஏதும் வேலை இருந்தால் பாருங்கள் என்று அவரே என்னை அனுப்பிவைத்தார்.

வீட்டில் வேலை இருந்தது. எங்கள் குடும்பத்தில், பிறக்கும் முன் பிள்ளைக்கு உடுப்புச் சேர்த்துவைக்க மாட்டார்கள். பிறந்த பிறகும் நாற்பது நாள் கழியும் வரை பழைய துணியில் தைத்ததைத்தான் போடுவார்கள். மாமி, அதாவது மனைவியின் உம்மா, அதற்குத்தான் ஊசியோடு உட்கார்ந்திருந்தார். ஆனால் அழுகிற அழுகையில் நூல் கோர்க்க முடியவில்லை.

"கொண்டாங்க மாமி, மெசின் என்னத்துக்கு இருக்கு?" என்று வாங்கிக்கொண்டேன்.

அலுமாரியில் கிடந்த என் பழைய டீசேர்ட்களை எல்லாம் இழுத்துப் போட்டேன். உப்புத் தண்ணீரும் வெயிலும் பட்டு வெளுத்துப்போனவை. கழுவிக் கழுவி மெத்தென்று ஆகியிருந்தன. வெட்டினேன், தைத்தேன், மறுபடியும் வெட்டினேன். மெசின் ஓடும் வரை பயம் கொஞ்சம் அடங்கியிருக்கும். மிதியிலிருந்து காலை எடுத்தால் போதும், இப்போது மூச்சு விடுகிறாளா இல்லையா என்ற நினைப்பு வந்துவிடும். அதனால் காலை எடுக்கவே இல்லை.

மாமி ஒரு சட்டையை எடுத்துத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார்.

"இதென்ன மகன், காத்துல பறக்க உடுறத்துக்கா தச்சீங்க? புள்ளைட தோல் உரிஞ்சிரும்!"

பார்த்தால், பட்டத்துக்குப் போடுகிற அதே தடித்த நூல், அதே மூன்று வரித் தையல். புயலடித்தாலும் பிரியாது. கைப்பழக்கம் என்னை நன்றாக ஏமாற்றியிருந்தது. அழுதுகொண்டிருந்த மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எல்லாவற்றையும் பிரித்து, மெல்லிய நூலில், தையல் வெளிப்பக்கம் வரும்படி திரும்பத் தைத்தேன்.

மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாதியை எல்லோரும் மிஸ் என்பார்கள்; அவர் சிங்களப் பெண்மணி, தமிழ் கொஞ்சம் பேசுவார். சட்டைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு, "பாபாவுக்கு இப்ப சட்டை வேணாம். தொப்பி இருந்தா தாங்க" என்றார்.

அது மட்டும்தான் என்னிடம் இல்லை. அவரிடமே கத்தரிக்கோல் வாங்கி, சட்டைகளைச் சுற்றிக் கொண்டுபோன டீசேர்ட்டின் கையை வெட்டி, ஒரு முனையைச் சுருக்கி நூலால் கட்டிக் கொடுத்தேன். அடுத்து என்ன, வேறென்ன தைக்க வேண்டும் என்று கேட்டு அவர் பின்னாலேயே போனேன். அவர் தொப்பியோடு உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். பிள்ளை போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

"பாபாட உம்மாவுக்குக் காய்ச்சல், அவ வர ஏலாது. பாபாவை நெஞ்சில வெச்சா மூச்சு நல்லா வரும். டாக்டர் சொன்னார். நீங்க கைகழுவி, சேர்ட்டைக் கழட்டிட்டு இந்தக் கதிரையில இருங்க."

"நான் என்ன செய்யோணும் மிஸ்?"

"ஒண்டும் செய்ய வேணாம். அசையாம இருங்க."

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு கஷ்டமான வேலையைக் கேட்டதில்லை. பிள்ளையை என் நெஞ்சில் கிடத்தி, மேலே ஒரு துணியால் மூடினார்கள். பாரமே தெரியவில்லை. சூடு மட்டும் தெரிந்தது. என் முழங்கால் ஆடத் தொடங்கியது. மிஸ் தன் கையை அதன்மேல் வைத்து அழுத்தினார். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. பிள்ளையின் மூச்சு நின்றது. நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"நீங்க மூச்சு விடுங்க" என்றார் மிஸ். மெதுவாக விட்டேன். என் நெஞ்சு ஏறி இறங்கியது. அவள் உடம்பு ஒருமுறை துள்ளியது. அவளும் மூச்சு விட்டாள். நான் அழுதேன், சத்தம் வராமல், அசையாமல். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. காய்ச்சல் விட்டு மனைவி வரும் வரை தினமும் அந்தக் கதிரையில் இருந்தேன்.

மகள் இப்போது கடற்கரையில் ஓடுகிற ஓட்டத்தைப் பிடிக்க ஆள் இல்லை. எனக்கும் சுபாவம் மாறவில்லை. வீட்டில் யாருக்காவது சுகமில்லை என்றால் மருந்துக்கும் டாக்டருக்கும் இன்னும் நான்தான் ஓடுகிறேன். ஆனால் ஓடிவந்த பிறகு, ஒன்றும் செய்யாமல் அவர்கள் பக்கத்தில் இருப்பதும் என் வேலைதான் என்று தெரிந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.