இறம்பொடை வளைவில் தொதல் கிண்டும் கடை

1962 நவம்பரில், மூன்று நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு நானும் என் மனைவி மீனாவும் கொழும்பிலிருந்து மலைநாட்டுக்குப் போனோம். நவம்பரில் அந்தப் பக்கம் யாரும் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. மழையும் மூடுபனியும்தான் இருக்கும். எங்களுக்கு வேறு காரணம் இருந்தது. அந்த ஏப்ரலில் பிறந்த எங்கள் குழந்தை மூன்றாம் நாளே போய்விட்டது. அதன்பிறகு மீனா எதையும் மனம் வைத்துச் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இறம்பொடையிலிருந்து வாங்கி வந்த தொதல் என்ற கருப்பட்டி இனிப்பில் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "இது எந்தக் கடையில கிடைக்கும்?" என்று கேட்டாள். அவளாக வாய் திறந்து ஒன்றைக் கேட்டு ஏழு மாதமாகியிருந்தது. மறுநாளே நான் வேலை பார்த்த அச்சகத்தில் லீவு எழுதிக் கொடுத்தேன்.

காலை ஆறு மணி பஸ். பத்து மணிக்குக் கினிகத்தேனையில் கால் மணி நேரம் நிற்கும். இறங்கினால் கித்துள் மரத்துக் கருப்பட்டி வாங்காமல் ஏறாதீர்கள். சிரட்டையில் ஊற்றி எடுத்தது, ஒன்று நாற்பது சதம். நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளேயும் அதே நிறம் இருந்தால் சீனி கலக்காதது.

ஹட்டனில் இறங்கும்போது பன்னிரண்டரை. ஸ்டேஷனுக்குக் கீழே உள்ள கடைத்தெருவில் முஸ்லிம் கடை ஒன்றில் மஸ்கட் அல்வா அருமையாக இருந்தது. இறாத்தல் இரண்டு ரூபாய், நெய் விரலில் ஒட்டும். கடைக்காரரிடம் நாங்கள் எங்கே போகிறோம் என்று சொன்னேன். "இறம்பொடைக்கா? பனி எறங்கியிருந்தா ரோட்ட விட்டு எறங்காதீங்க தம்பி" என்றார். ஏன் என்று கேட்டதற்கு அடுத்த ஆளுக்கு நிறுக்கப் போய்விட்டார்.

மறுநாள் நுவரெலியா. பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைகளில் விளக்கு எரிந்தது. ஸ்ட்ராபெரி ஜாம் ஒரு போத்தல் வாங்கினோம், இரண்டே கால் ரூபாய். குதிரைப் பந்தயத் திடலில் மூன்று குதிரைகள் நின்றன. பனி அவற்றின் வயிறு வரை இருந்ததால் கால்கள் தெரியவில்லை. அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. மீனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிரலாங்க" என்றாள்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கண்டி பஸ். இறம்பொடை பதினெட்டு மைல்தான், ஆனால் பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்ததில் ஒன்றேகால் மணி நேரமானது. கண்டக்டர் ஒரு வளைவில் இறக்கிவிட்டு, "அருவிச் சத்தம் கேக்குற பக்கம் போயிறாதீங்க, எதிர்ப்பக்கமா நடங்க" என்றார். பஸ் போன பிறகுதான் தெரிந்தது, அருவிச் சத்தம் எல்லாப் பக்கமும் கேட்டது.

விறகுப் புகை மணத்தைப் பிடித்துக்கொண்டே கடையைக் கண்டுபிடித்தோம். தகரக் கூரை போட்ட சின்னக் கடை. முன்னால் ஹனீபா நானா வியாபாரம் பார்க்க, பின்னால் அவர் மனைவி சபியா பெரிய தாச்சியில் தொதல் கிண்டிக்கொண்டிருந்தார். அரிசி மா, தேங்காய்ப்பால், கருப்பட்டி, கஜுப் பருப்பு. ஐந்து மணி நேரம் கை விடாமல் கிண்ட வேண்டுமாம். கூடக் கிண்டும் பெண் அன்று வரவில்லை.

"கை கழண்டு போகுது" என்றார் சபியா. மீனா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னொரு துடுப்பை எடுத்தாள்.

நான் பஸ் நேரம் பார்க்க வெளியே வந்தேன். பத்து மணி பத்து நிமிடம். அப்போது கீழே தேயிலைக்குள்ளிருந்து மீனா என்னைக் கூப்பிட்டாள்.

"தேவா..."

என் பெயர் அதுவல்ல. அது அவள் எனக்கு வைத்த பெயர். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு மட்டும் சொல்வாள். பின்வாசல் வழியாக இறங்கி வழி தவறிவிட்டாள் என்று நினைத்தேன். ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன். மறுபடியும் கேட்டது, அதே குரல், அதே தூரம். "வர்றேன், அங்கேயே நில்லு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். தேயிலைச் செடிகள் முடிந்து புல் வந்தது.

யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"அங்கிட்டு தரை இல்லைங்க!"

முப்பது வயதுப் பெண். தோட்டத்துக்காரி என்று பார்த்ததும் தெரிந்தது. ஆனால் வேலை நேரத்தில் முதுகில் கூடை இல்லை. என் காலில் தட்டுப்பட்ட கல் ஒன்று உருண்டு போனது. அது விழுந்த சத்தமே வரவில்லை.

"என் வீட்டுக்காரி கூப்பிட்டா" என்றேன்.

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். "பொம்பளக் கொரலா? எனக்கு எம்புருசன் கொரலுல்ல கேட்டுச்சு."

அவள் பெயர் பாக்கியம். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போன புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மண் சரிந்து இறந்துபோனார். பனி இறங்கும் நாளெல்லாம் கூப்பிடுகிறாராம். அப்போதுதான் அவள் பாதங்களைப் பார்த்தேன். என்னைவிட ஓர் அடி முன்னால், விளிம்பில் இருந்தன.

"உங்க சப்பாத்துச் சத்தம் கேட்டுத் திரும்பினேங்க. இல்லாட்டி..." என்று நிறுத்திக்கொண்டாள்.

அந்த நேரம் மூன்றாம் முறையாகக் கேட்டது. எனக்கு "தேவா". அவளுக்கு எது கேட்டதோ, கண் அந்தப் பக்கம் போனது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தேன். பதில் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எவ்வளவு ஏறியும் அந்தக் குரல் தேயவே இல்லை, பத்தடி பின்னால் வருவதுபோலவே இருந்தது. வேலி தாண்டிக் கடைக்குள் கால் வைத்ததும் நின்றது.

மீனா தாச்சியடியில்தான் இருந்தாள். வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"நான் கூப்பிடவே இல்லியே. துடுப்ப விட்டுட்டு எங்க போறது?" என்றாள். சபியாவும் தலையாட்டினார்.

"சத்தம் பாறையில பட்டுத் திரும்பும் தம்பி" என்றார் ஹனீபா நானா. என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். பிறகு போய்ப் பள்ளத்துப் பக்கக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

பாக்கியம் அடுப்போரம் உட்கார்ந்தாள். நடந்ததை நான் சொல்லச் சொல்ல மீனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அக்கா, எனக்குக் கை வலிக்குது, கொஞ்சம் பிடிங்க" என்று துடுப்பில் அவள் கையையும் சேர்த்து வைத்தாள். இரண்டு பேரும் ஒரே துடுப்பைப் பிடித்துக் கிண்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மீனா குழந்தையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அதன் விரல்கள் எப்படியிருந்தன என்று சொன்னாள். எனக்கே அதுவரை சொன்னதில்லை. நான் முன்கடைக்கு வந்து நின்றுகொண்டேன்.

மத்தியானம் பாக்கியத்தின் அக்கா தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பதறிக்கொண்டு வந்தாள். சபியா அவளிடம், "இனி பனி நாள்ல இவள தனியா விடாதீங்க. இங்க அனுப்புங்க, எனக்கும் ஆள் வேணும்" என்றார். கங்காணியிடம் தான் பேசுவதாக நானா சொன்னார். ஒன்றரைக்குத் தொதல் இறங்கியது. மீனா வாழையிலையில் வைத்து இரண்டு துண்டு சாப்பிட்டாள். இரண்டு பத்துக்குக் கண்டி பஸ்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தொதல் இறாத்தல் ஒன்றரை ரூபாய். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றினால் பத்து நாள் கெடாது. தகர டப்பாவில் சூட்டோடு அடைக்காதீர்கள். காலையில் போனால் முந்தின நாள் தொதல்தான் கிடைக்கும், இரண்டு மணிக்குப் பிறகு போவது நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரை பனி குறைவு. வேறு மாதத்தில் போனால் இருவராகப் போங்கள், கடையின் பின்பக்கம் இறங்காதீர்கள்.

போன பெப்ரவரியில் நாங்கள் மறுபடி போனோம். நல்ல வெயில். அந்த விளிம்பைத் தூரத்தில் நின்று பார்த்தேன். கீழே நூறடிக்குக் குறையாத பள்ளம். எதிரில் வெறும் பள்ளத்தாக்கு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெட்டவெளி. சத்தம் பட்டுத் திரும்ப அங்கே பாறையே இல்லை.

பின்கட்டில் பாக்கியம் துடுப்பால் தொதல் கிண்டிக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. மீனாவைப் பார்த்ததும் சிரித்தாள். நான் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், இருந்தும் கேட்டுவிட்டேன்.

"இப்பவும் கேக்குதா?"

"கேக்குதுங்க" என்றாள், கையை நிறுத்தாமல். "ஆனா விட்டுட்டுப் போனா அடிபிடிச்சிருமே."