ஐஸ் காந்தன் அண்ணன் கேட்ட கல்லுப்பு

கோலா சுங்கை பாரு என்ற கடலோர ஊரில், மீன் இறங்கும் துறைக்குப் பக்கத்தில் எங்கள் மளிகைக் கடை. இருபது வருடமாகத் தினமும் காலையில் அந்தத் துறைக்கு ஐஸ் கொண்டுவருபவர் காந்தன் அண்ணன். புலாவ் செபாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஐஸ் லாரி ஓட்டியே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருக்கும்.

என் மகள் ஸுஹா குர்ஆனை ஓதி முடித்தால், கூட ஓதும் அறுபது பிள்ளைகளுக்கும் என் கையால் இனிப்பு ஐஸ் செய்து கொடுப்பதாக நேர்ந்திருந்தேன். அவளும் முடித்தாள்; மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு விருந்து. அல்லாஹ்வுக்காகக் கொடுப்பதில் கஞ்சத்தனம் கூடாதென்று, தேங்காய்ப்பாலில் குலா மலாக்கா வெல்லத்தை வழக்கத்தைவிட மூன்று மடங்கு கரைத்து, நீளப் பைகளில் கட்டி முதல்நாளே ஃப்ரீசரில் வைத்தேன். விருந்தன்று காலையில் எடுத்தால் எல்லாம் கூழ். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“பாயாசத்தைப் பையில கட்டி வச்சிருக்கா, பாருங்கண்ணே,” என்றார் என் கணவர் உஸ்மான், துறையில் ஐஸ் இறக்கிவிட்டுக் கடைக்கு வந்த காந்தன் அண்ணனிடம்.

காந்தன் அண்ணன் சிரிக்கவில்லை. ஒரு பையை அமுக்கிப் பார்த்தார்.

“எவ்ளோ வெல்லம்மா போட்ட? இனிப்பு கரைஞ்ச தண்ணி லேசுல உறையாது. இன்னும் கூடக் குளிர் வேணும். உன் பழைய ஃப்ரீசருக்கு அவ்ளோ சக்தி இல்லலா. கல்லுப்பு இருக்கா?”

கடையில் மூட்டையே இருந்தது. பெரிய ஐஸ் பெட்டியில் லாரியிலிருந்து எடுத்த நொறுக்கிய ஐஸையும் உப்பையும் மாறி மாறிக் கொட்டி, நடுவில் பைகளைப் புதைத்தார்.

“உப்பு பட்டா ஐஸ் உருகிருமேண்ணே?” என்றேன்.

“உருகட்டும். உருகுறப்ப சுத்தி இருக்கிற சூட்டை இழுத்துக்கும். உப்புத் தண்ணியும் சாமானியத்துல உறையாது, அதனால குளிர் இன்னும் கீழ எறங்கும். லாரிக்கு வந்த புதுசுல இது தெரியாம, ஐஸ்ல உப்பக் கொட்டி ஒரு முதலாளியோட இறாலெல்லாம் கல்லாக்கிட்டேன். அவர் திட்டுனது இன்னும் காதுல இருக்கு. பை வாய இறுக்கிக் கட்டும்மா. உப்புத் தண்ணி உள்ள போச்சுன்னா கருவாட்டு ஐஸ்தான்.”

காசு பேச்சையே எடுக்கவிடாமல் லாரியில் ஏறிப் போய்விட்டார்.

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். உப்புத் தண்ணீரில் கை வைத்ததும் விரல் மரத்தது. பைகள் அறுபதும் கட்டையாக இருந்தன. அல்ஹம்துலில்லாஹ்.

பிள்ளைகள் கடித்துத் தின்றதைப் பார்க்க அவர் வரவில்லை. சாயங்காலமும் ஐஸ் ஏற்றும் வேலை. ஓதிக்கொடுக்கும் ஹஸ்ரத் துஆவுக்குக் கையேந்தியபோது ஸுஹாவுக்காகக் கேட்டேன். கூடவே, காந்தன் அண்ணன் லாரி வழியில் எங்கும் நின்றுவிடக் கூடாது, போய்ச் சேரும்வரை அவர் ஐஸ் உருகக் கூடாது என்றும் கேட்டேன்.