கைச்சுற்று ஏழு

போன வாரம் பேத்தியின் பள்ளிச் சீருடையை எடுத்துக்கொண்டு தெம்பனிஸ் கடைத்தொகுதியில் இருக்கும் தையல் கடைக்குப் போனேன். பாவாடை ஓரத்தை இறக்கித் தைக்க வேண்டும், அவ்வளவுதான். நானே செய்திருப்பேன். ஊசியில் நூல் கோர்க்கக் கண் ஒத்துழைப்பதில்லை, மகளும் விடுவதில்லை. இருபது நிமிடம் ஆகும், உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தேன். உள்ளே யாரோ ஈரத் துணியின்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்திருக்க வேண்டும். அந்த ஆவியின் வாசனை வெளியே வந்ததும் எனக்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது.

எனக்குத் தையல் கற்றுக்கொடுத்த சீனப் பெண் ஆ லான், கடையில் இஸ்திரி போடுவதற்கு முன் வாய் நிறையத் தண்ணீரை எடுத்துக்கொண்டு துணியின்மேல் ஊதுவாள். பனி இறங்குவதுபோல் அவ்வளவு மெல்லிசாகப் படியும். அப்புறம்தான் கரிப்பெட்டி. நானும் ஊதிப் பார்த்தேன். பாதித் தண்ணீர் என் முகவாய் வழியாகச் சேலைக்குள் போனது, மீதி தொண்டைக்குள் இறங்கிவிட்டது. அந்த வித்தை எனக்குக் கடைசிவரை வரவில்லை.

சீனத்தி கடைக்கு நீ எப்படிப் போனாய் என்று கேட்பீர்கள். அப்போது சிராங்கூன் சாலைக் கடைகளுக்கு முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையில் நம் ஆட்கள் வரிசையாகத் தையல் இயந்திரம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் ஆண்கள். நகராட்சியில் வேலை பார்த்த என் அப்பா தனக்குத் தெரிந்த ஒரு தையற்காரரிடம் எனக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். பெண்பிள்ளையை அஞ்சடியில் எங்கே உட்கார வைப்பது என்று அவர் சிரித்துவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நம் பெண்கள் அவரிடம் அளவே கொடுக்க மாட்டார்கள். பழைய ரவிக்கை ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்புவார்கள். அதைப் பார்த்து அவர் தைப்பார். உடம்பு மாறியிருந்தால் அவரவர் பாடு.

ஜாலான் புசார் பக்கம் ஒரு சந்தில் கடை வைத்திருந்த ஆ லான் பெண் என்பதால், துணிச்சலான நாலைந்து தமிழ்ப் பெண்கள் நேராக அளவு கொடுக்கவே போனார்கள். போனார்களே ஒழிய, பேச முடியவில்லை. அவளுக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்குச் சீனம் தெரியாது. எனக்குக் கடைத்தெரு மலாய் நன்றாக வரும், ஆ லானுக்கும் வரும். அப்படித்தான் என்னைச் சேர்த்துக்கொண்டாள். நான் பேச்சை மாற்றிச் சொல்ல வேண்டும், அவள் தொழில் சொல்லித்தர வேண்டும். அவளுக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். அப்பாவின் உடன்படிக்கை வேறு.

“ஒரு வருஷம் போ. கத்துக்கிட்டா சரி. இல்லன்னா வீட்டுல இரு, மாப்பிள்ளை பாத்துடுறேன்.”

முதல் நாலு மாதம் துணியையே தொடவிடவில்லை. பழைய சீன நாளிதழ்களில் வெட்டிப் பழகினேன். என் அம்மாவின் ரவிக்கைக்கு முன்பக்கம், பின்பக்கம், கை என்று எல்லாம் சீன எழுத்துகளாகச் சுவரில் தொங்கும். முதுகுப் பக்கத்தில் ஒரு தடவை சிகரெட் விளம்பரம் வந்துவிட்டது. தம்பி அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் அம்மாவைக் கேலி செய்துகொண்டிருந்தான். ஆ லான் அதிகம் பேசமாட்டாள். நான் வெட்டியதைக் கையில் எடுத்துப் பார்த்து “சாலா” என்பாள். மலாயில் தப்பு என்று அர்த்தம். எங்கே தப்பு என்று சொல்லமாட்டாள், நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்போது கோபம் கோபமாக வரும்.

அவளுடைய அளவு நாடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் நமக்குத் தெரிந்த அங்குலம், மறுபக்கம் சீன அங்குலம். சீன அங்குலம் பெரிது, நம்முடையதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சீனப் பாட்டிமாரின் சட்டைகளுக்கு அந்தப் பக்கம், கவுனுக்கும் ரவிக்கைக்கும் இந்தப் பக்கம். சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிவிட்டாள். நானும் தலையை ஆட்டினேன்.

அந்தத் தை மாதம் சரோஜாவின் கல்யாணம் வந்தது. காத்தோங்கில் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. அவள் அம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் பழக்கம். காஞ்சிபுரத்திலிருந்து கப்பலில் வந்த அரக்குச் சேலை, அதன் கூடவே நெய்த ரவிக்கைத் துணி. அதுபோல இன்னொரு துண்டு இந்த ஊரில் எங்கு தேடினாலும் கிடைக்காது. சீனப் பெண்ணுக்கு ரவிக்கை தைக்க வருமா என்று சரோஜாவின் அம்மாவுக்குச் சந்தேகம். நன்றாக வரும் என்று நான்தான் சொல்லிக் கூட்டி வந்தேன். தை மாதம்தான் சீனப் புத்தாண்டு வரும் சமயமும். கடை முழுக்கப் புத்தாடைகள் குவிந்து கிடந்தன. ஆ லான் தலையை நிமிர்த்தாமலே, இந்த ரவிக்கையை நீயே அளவெடுத்து நீயே தை என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கால் தரையில் படவில்லை.

மார்பு, இடுப்பு, தோள் எல்லாம் ஒழுங்காகத்தான் எடுத்தேன். கையைச் சுற்றும்போது நாடா புரண்டுவிட்டது. கைச்சுற்று ஏழு என்று எழுதிக்கொண்டேன். ஒல்லியான பெண், இருக்கும் என்று நினைத்தேன். சீன அங்குலத்தில் ஏழு என்றால் நம் கணக்கில் பத்து. வெட்டும்போதும் தெரியவில்லை, தைக்கும்போதும் தெரியவில்லை. கை இறுக்கமாக இருப்பதுதானே இப்போது நாகரிகம் என்று சந்தோஷப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை கல்யாணம். புதன்கிழமை காலை அம்மாவும் மகளும் போட்டுப் பார்க்க வந்தார்கள். ரவிக்கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. சரோஜா இழுத்தாள், நான் இழுத்தேன். திரைக்குப் பின்னாலிருந்து அவள் அழும் சத்தம் கேட்டதும் அவள் அம்மா உள்ளே வந்து பார்த்தார்.

“இந்தச் சீனத்திக்கு என்ன தெரியும்னு அன்னைக்கே கேட்டேன். இருக்கிற ஒரே துணியக் கெடுத்து வெச்சிருக்கா பாரு.”

இன்னும் நிறையச் சொன்னார். எல்லாமே ஆ லானைப் பார்த்துத்தான். ரவிக்கையை அவள் தைத்ததாகவே நினைத்துக்கொண்டார். நான்தான் தைத்தேன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். வாய் திறக்கவில்லை. ஆ லான் என்னைப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று மலாயில் கேட்டாள். கை கொஞ்சம் பிடிக்கிறதாம், தளர்த்த முடியுமா என்று கேட்கிறார்கள் என்றேன். பேச்சை மாற்றிச் சொல்வதுதானே என் வேலை, அதை அன்று அவ்வளவு திறமையாகச் செய்தேன்.

ஆ லான் என் குறிப்பு நோட்டை எடுத்துப் பார்த்தாள். நாடாவைச் சரோஜாவின் கையில் ஒரு முறை சுற்றினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாளைக்கு வீட்டுக்கே வந்துவிடும் என்று அவர்களிடம் சொல்லச் சொன்னாள்.

அவர்கள் போனபின் நாடாவின் இரண்டு பக்கத்தையும் என் முன்னால் காட்டினாள். வழக்கமான அந்த “சாலா”வைக்கூடச் சொல்லவில்லை. ஆறு வருஷமாக இந்தப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன், சீனத்தி என்றால் யார் என்று எனக்குத் தெரியாதா என்று மட்டும் கேட்டாள். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

பிறகு தைத்துக்கொண்டிருந்த புத்தாண்டுச் சட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு, துண்டுத் துணிகள் போட்டு வைக்கும் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தாள். அரக்குப் பட்டில் நான் வெட்டிக் கழித்த துண்டுகள் எல்லாம் அதில் இருந்தன. மலாய்ப் பெண்கள் போடும் நீளச் சட்டையான பாஜு கூரோங்கைக் கவனித்திருப்பீர்கள். அக்குளில் குறுகலாக ஆரம்பித்துக் கீழே போகப் போக அகலமாகும் ஒரு துண்டைப் பக்கவாட்டில் வைத்துத் தைப்பார்கள். பெசாக் என்று பெயர். ஹரி ராயாப் பெருநாளுக்கு அவள் அதை எத்தனையோ தைத்திருக்கிறாள். அதையே சின்னதாக வெட்டி, ரவிக்கைக் கையின் உள்பக்கத் தையலைப் பிரித்து நடுவில் வைத்தாள். சரிகைக்குச் சரிகை பொருந்தி வந்தது. இடது கையை அவள் தைத்தாள். வலது கையை என்னிடம் கொடுத்தாள். மூன்று முறை பிரித்தேன். சாயங்காலத்துக்குள் முடிந்தது.

மறுநாள் ரவிக்கையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, நீ கொண்டுபோ என்றாள். அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. காத்தோங் போகும் பஸ்ஸில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வெயிலில் திரும்பி நடந்தேன்.

சரோஜா போட்டுப் பார்த்தாள். கை சுகமாக ஏறியது. எல்லார் முகமும் தெளிந்தது. அப்படியே திரும்பியிருக்கலாம். சரோஜாவின் அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்காமலே, அளவு தப்பாக எடுத்ததும் நான், வெட்டித் தைத்ததும் நான், ஆ லான் அதைச் சரிசெய்து மட்டும்தான் கொடுத்தாள் என்று சொல்லிவிட்டேன். அவர் டம்ளரை மேசைமேல் வைத்தார்.

“அப்பவே சொல்லியிருந்தா உன்னை நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவ்வளவுதானே. அந்தப் பொண்ண நிக்க வெச்சுப் பேசிட்டேனே.”

மோரைக் குடித்துவிட்டுப் போ என்றார். குடித்து முடித்ததும், அவளையும் கல்யாணத்துக்குக் கூட்டி வா என்றார்.

புத்தாண்டு நெருக்கடியிலும் ஆ லான் வந்தாள். சரோஜாவின் அம்மா வாசலுக்கே வந்து அவள் கையைப் பிடித்து, தமக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் ஏதோ சொல்லி முன்வரிசையில் உட்கார வைத்தார். மன்னிப்புக் கேட்டாரா, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாரா என்பது அந்த மேளச் சத்தத்தில் எனக்கே புரியவில்லை. மாலை மாற்றும்போது எல்லாரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்தார்கள். சரோஜா இரண்டு கையையும் உயர்த்தியபோது நாங்கள் இருவரும் அக்குளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தையல் பிரியாமல் நின்றது. ஆ லான் என் பக்கம் திரும்பாமலே தலையை ஒரு முறை அசைத்தாள்.

வருஷம் முடிந்தபோது அப்பா ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. அந்தக் கடையில் இன்னும் மூன்று வருஷம் இருந்தேன். பிறகு கல்யாணமாகி, கப்பல் பட்டறையில் வேலை பார்த்த கணவரோடு செம்பவாங் போனேன். அங்கிருந்து மார்சிலிங். முப்பது வருஷம் வீட்டில் தைத்தேன். ஆரம்பத்தில் மாதம் ஒரு முறையாவது ஆ லானைப் போய்ப் பார்ப்பேன். பிள்ளைகள் பிறந்ததும் அது குறைந்தது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் போனபோது அந்தச் சந்தின் ஒரு பக்கம் முழுக்க இடித்துக் கிடந்தது. எதிரில் இருந்த காப்பிக் கடைக்காரர், அவள் தோ பாயோவில் வீடு கிடைத்துப் போய்விட்டதாகச் சொன்னார். எந்த அடுக்குமாடிப் புளோக் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு கடிதமாவது போட்டிருக்கலாமே என்று மகள் இப்போது கேட்கிறாள். எந்த மொழியில் போடுவது? எனக்குத் தமிழ் எழுத வரும், அவளுக்குச் சீனம் எழுத வரும். நாங்கள் பேசிய மலாயை இரண்டு பேரும் ஒருநாளும் எழுதியதில்லை. அந்த மலாயைப் பேச இந்தப் புளோக்கில் இப்போது எனக்கு ஓர் ஆள் இல்லை.