கடல்பாசித் தட்டில் ஆடிய ஊர்

நேற்று மந்தாரக்குப்பத்தில் ஒரு நோன்புத் திறப்புக்குப் போயிருந்தேன். கடல்பாசி வந்தது, காய்ச்சி உறையவைத்த ஜெல்லி மாதிரி இனிப்பு. ரோஸ் நிறம், ஏலக்காய் வாசனை. எல்லோரும் சாப்பிட, நான் மட்டும் தட்டின் ஓரத்தை விரலால் தட்டி அது ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் புத்தி எங்கே போகும், நீங்களே சொல்லுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்த ஊர் நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய ஓட்டுக்கூரைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஏழாம் வகுப்பு. நிலநடுக்கப் பாடம். பெஞ்சு ஆடினால் ஏன் ஆடுகிறது என்று கேட்டேன்.

"மைன்ஸ்ல வெடி வைக்கிறாங்க டீச்சர்" என்றது மொத்த வகுப்பும்.

பிறந்ததிலிருந்து மத்தியான வெடிக்கு வீடு அதிர்ந்து பழகிய பிள்ளைகள். நிஜமாகவே பூமி ஆடினாலும் அந்த ஓட்டுக்குக் கீழே அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். போர்ஷன் முடிகிறதோ இல்லையோ, இந்தப் பழக்கத்தை மாற்றாமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

சப்பாத்தி மாவை இரண்டு புவித்தட்டுகளாகத் தட்டி முட்டவிட்டோம். நடுவில் மாவு மடிந்து இமயமலை எழுந்தது. ஷமீமா என்ற மாணவியின் அம்மா ஒரு டிரே கடல்பாசி கொடுத்தனுப்பினார். அதன்மேல் பிஸ்கட் வீடுகளை நிறுத்தி ஆட்டினோம். விழுந்த ஊரை எல்லோருமாகத் தின்றோம். ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்து, இது வகுப்பா பலகாரக் கடையா என்றார். நான் விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஒத்திகை: ஆடினால் பெஞ்சுக்கு அடியில், நின்றதும் எதிரே மைதானத்துக்கு.

ஒருநாள் காலை அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பெஞ்சு அதிர்ந்தது. "வெடிதான், உக்காருங்க" என்று சொன்னது வேறு யாருமல்ல, நானேதான்.

ஷமீமா எழுந்துவிட்டாள். "வெடி மத்தியானந்தானே டீச்சர் வைப்பாங்க? எல்லாரும் அடியில பூந்துக்குங்க."

பூந்துகொண்டார்கள். நானும் புடவையோடு மேசைக்கு அடியில். மேலிருந்து ஓடுகள் சரிந்து, பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பெஞ்சின்மேல் விழுந்து உடைந்தன. ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட இல்லை. எங்கோ கடலுக்கடியில் நடந்ததன் அதிர்வு என்று சாயங்காலம் ரேடியோவில் சொன்னார்கள். மைதானத்துக்கு வந்ததும் பிள்ளைகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். அப்படியொரு பெருமை எனக்கு அதற்குப் பிறகு வந்ததில்லை. "டீச்சருக்குத்தான் இன்னும் ஒத்திகை பத்தல" என்று ஷமீமா பக்கத்தில் சொல்லிக்கினு இருந்தாள்.

இன்று காலை வண்டியை அந்தப் பக்கம் விட்டேன். சுரங்கத்தை விரிவாக்கியபோதே பள்ளிக்கூடம் போய்விட்டது. பிள்ளைகளின் குடும்பங்கள் ஊர் ஊராகப் பிரிந்துவிட்டன. வேலிக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் பள்ளம். பூமி ஆடினால் இங்கே ஓடி வாருங்கள், இதுதான் பத்திரம் என்று அத்தனை வெள்ளிக்கிழமை நான் கைகாட்டிய மைதானம் அதற்குள்தான் போயிருக்கிறது.