சாக்குப் பக்கம்

பல்லுக்காரி என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரானாலும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். அவள் பல் டாக்டர் இல்லை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் செய்யும் லேபில் வேலை. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் அவள்தான். இயற்பியல் படித்துவிட்டு ஏன் பல் கட்டுகிறாய் என்று கேட்பவர்களிடம், கிடைத்த வேலையைக் கடித்துப் பிடித்துக்கொண்டேன் என்பாள். மெழுகை இளக்கி ஈறு வடிப்பாள். பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஒத்துப்போகிற பல்லை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பாள். தலைமுடியில் எப்போதும் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் தூசி இருக்கும்.

அவளுக்குப் பிடிபடாதது காதல் ஒன்றுதான். கல்லூரித் தோழிகள் யாரையாவது நினைத்து உருகும்போதெல்லாம் அவள் தன் நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்துக்கொள்வாள். அங்கே ஒன்றும் நடந்துகொண்டிருக்காது. ஒருவன் அழகாக இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும், ஒரு கட்டடம் அழகாக இருப்பது தெரிவதுபோல. வகுப்பில் ஒருவன் வந்து கேட்டபோது, சட்டையைப் போட்டுப் பார்ப்பதுபோலச் சரி என்று சொல்லியும் பார்த்தாள். அவனைப் பிடித்தது, அவனுடைய ஜோக்குகள் பிடித்தன, அவன் கோபித்துக்கொண்டு போன பிறகு வந்த நிம்மதி அதைவிடப் பிடித்தது. தனக்கு இதயம் இருக்கிறதா என்று நெடுநாள் யோசித்தாள். தெருநாய் அடிபட்டால் அழுகிறவளுக்கு இதயம் இல்லாமல் எப்படி என்றும் யோசித்தாள்.

லேபில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அரோமான்டிக் என்ற சொல் கிடைத்தது. காதல் என்ற உணர்வு மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருப்பவர்கள் என்று விளக்கம் போட்டிருந்தது. டிபனை மூடி வைத்துவிட்டு வாசித்தாள். எல்லாம் ஆங்கிலம். எழுதியவர்கள் எல்லாரும் தனி வீட்டில், தனிப் பூனையோடு இருந்தார்கள். எந்தக் கட்டுரையிலும் சித்தி வரவில்லை. சித்தி இல்லாத உலகத்தில் அரோமான்டிக்காக இருப்பது என்ன பெரிய வீரம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஏனென்றால் அவளுக்கு ஒரு சித்தி இருந்தாள். மாதம் தவறாமல் யாராவது ஒரு பையனின் போட்டோவோடு வருவாள். வேண்டாம் என்றால், "அப்போ மனசுல யாரு?" என்பாள். யாரும் இல்லை என்ற பதிலை அந்த வீட்டில் ஒருவரும் நம்பியதில்லை.

ஆங்கிலக் கட்டுரை ஒன்றின் கீழே, தமிழில் யாராவது இருக்கிறீர்களா என்று எழுதிவைத்தாள். இரண்டு பேர் பதில் போட்டார்கள், இருவரும் அதே ஊர். ஒருவர் கணக்கு டீச்சர்; மாப்பிள்ளை பார்க்கும் வயதைத் தாண்டி, ஐயோ பாவம் என்று பார்க்கப்படும் வயதுக்கு வந்திருந்தவர். இன்னொருவன் மருந்துக் கம்பெனி ரெப், அண்ணன் வீட்டில் இருப்பவன். டாக்டர்களின் வாசலில் காத்திருக்கும் நேரமெல்லாம் போனில் எழுதுகிறவன். சனிக்கிழமை மதியம், டீச்சரின் பள்ளிக்கூடத்தில் ஆளில்லாத ஒரு வகுப்பில், குட்டிப் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து மூவரும் வலைப்பதிவு தொடங்கினார்கள். பெயர் வைக்கத் தகராறே வரவில்லை. மூன்று வீட்டிலும் சொல்லிச் சொல்லி வாய் வலித்த பதிலையே வைத்தார்கள்: 'மனசுல யாரும் இல்ல.'

விதிகளை டீச்சர் போட்டார். எழுதியவர் தன் எழுத்தைத் தானே வெளியிடக் கூடாது. இன்னொருவர் படித்து, திருத்தி, அவர்தான் ஏற்ற வேண்டும். எல்லாருக்கும் பொதுவாக ஒரே பெயர், ஊரோ முகமோ தெரியக் கூடாது. கொஞ்ச நாளில் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் எழுதி அனுப்பத் தொடங்கினார்கள். நட்பைப் பற்றி, தனியாக வாடகைக்கு வீடு தேடுவதைப் பற்றி, காதல் பாட்டு ஓடும் பஸ்ஸில் போவதைப் பற்றி. ஆனால் எல்லாரும் திரும்பத் திரும்ப வந்து படித்தது ஒரே பக்கத்தைத்தான். கல்யாணப் பேச்சைத் தட்டிக்கழிக்க யார் என்ன சொன்னார்கள், எது பலித்தது என்று எழுதும் பக்கம். அதற்குச் சாக்குப் பக்கம் என்று பெயர். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார், மேலே படிக்கப் போகிறேன், பையனின் குரல் சரியில்லை என்று விதவிதமாக வந்தன.

அதிலேயே நன்றாக ஓடியது பல்லுக்காரி எழுதியதுதான்: வேலை நிரந்தரமாகிற வரைக்கும் கல்யாணம் கூடாதுன்னு கம்பெனியில கையெழுத்து வாங்கிட்டாங்க, மீறினா சீட்டு கிழிஞ்சிரும். இதை வீட்டில் சொல்லிச் சித்தியையே ஒரு போட்டோவோடு திருப்பி அனுப்பியிருந்தாள். அந்தப் பெருமையில்தான் எழுதினாள்.

அடுத்ததாகச் சித்தி கொண்டுவந்தவன் நல்ல பையன், கை நிறையச் சம்பளம். இவள் வழக்கப்படி கையெழுத்துக் கதையைச் சொன்னாள். அது அங்கே போய்ச் சேர்வதற்குள் அங்கிருந்து பதில் வந்துவிட்டது. பையனுடைய கம்பெனியில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம், மீறினால் சீட்டு கிழிந்துவிடுமாம்.

அன்றைக்கே வலைப்பதிவின் பெட்டியில் ஒரு புகார் வந்து விழுந்தது. உங்கள் பக்கத்தில் நன்றாகப் பலிக்கும் என்று போட்டிருந்த சாக்கை நம்பிச் சொன்னேன், பெண் வீட்டிலும் அதையே சொல்லியிருக்கிறார்கள், இப்போது என் அப்பா என்னைக் குடைகிறார் என்று ஒருவன் எழுதியிருந்தான். ரெப் விழுந்து விழுந்து சிரித்தான். டீச்சர் சிரிக்காமல் அந்தப் பக்கத்தின் கீழே ஒரு குறிப்புச் சேர்த்தார்: ஒரே ஊரில் இருவர் ஒரே சாக்கைச் சொல்ல வேண்டாம்.

பல்லுக்காரியின் அம்மா லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அதனால் போனிடம் பேசியே எல்லாவற்றையும் தேடிக்கொள்வாள், வந்ததைப் போனையே வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வாள். இரண்டு வீட்டிலிருந்தும் ஒரே வாக்கியம், ஒரு சொல் பிசகாமல் வந்தால் அவளுக்கு மூக்கில் வியர்க்காமல் இருக்குமா? அந்த வாக்கியத்தை அப்படியே போனிடம் சொன்னாள். பக்கம் திறந்துகொண்டது.

அன்று சாயங்காலம் மகள் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. போனை மேஜைமேல் வைத்து ஓடவிட்டாள். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரு குரல், ஏற்ற இறக்கமில்லாமல், ஒவ்வொரு சாக்காக வாசித்தது.

"சாக்கு ரெடிமேடா விக்கிறீங்களாடி?"

"விக்கலம்மா. சும்மாதான் குடுக்கறோம்."

சொன்ன பிறகுதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது புரிந்தது. சரி, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து உள்ளதைச் சொன்னாள். எனக்கு யார்மேலும் அப்படி வந்ததில்லை, வரும் என்றும் தோன்றவில்லை, இப்படி நிறையப் பேர் இருக்கிறோம், இது நோயும் இல்லை, எனக்குக் கல்யாணம் வேண்டாம். இத்தனை வருஷம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு, ஐந்தே வாக்கியத்தில் முடிந்துபோயிற்று.

அம்மா போனை எடுத்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"இது இதுல வரலையே. புதுசா சேர்த்திருக்கீங்களா?"

சித்தி ஞாயிற்றுக்கிழமை வருவாள், அதற்குள் நிஜமான காரணத்தைச் சொல்லு, இல்லையென்றால் அவள் காட்டும் ஆளுக்குத் தலையை ஆட்டு என்று அம்மா எழுந்து போய்விட்டாள். நிஜத்தைச் சொல்லியாகிவிட்டது. அதைவிட நிஜமாக எங்கே போய்த் தேடுவது?

மறுநாள் லேபில் அவள் வடித்த ஈறு கோணிக்கொண்டது. பொய் சொன்னால் நம்பினார்கள், உண்மையைச் சொன்னால் பொய் என்கிறார்கள், அந்தப் பொய்யையும் நானேதான் ஊருக்கெல்லாம் பழக்கிவிட்டேன் என்று நினைக்க நினைக்கத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. சனிக்கிழமை காலையில் மூவரும் அதே வகுப்பில் கூடியபோது, சாக்குப் பக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்றாள்.

டீச்சர் முடியாது என்றார். அந்தப் பக்கத்தால் தலை தப்பியவர்கள் எத்தனையோ பேர், உன் ஒருத்திக்காக அவர்களை நடுத்தெருவில் விடுவதா என்று கேட்டார். ரெப் அதுவரை சிரித்த முகமாக இருந்தவன், குனிந்துகொண்டு பேசினான்.

"உனக்கு உண்மையைச் சொன்னா நம்பாத அம்மாதான் இருக்காங்க. எனக்கு, நம்பிட்டா வீட்டை விட்டு அனுப்புற அண்ணன் இருக்கான்."

எனக்கு ஒரு சங்கடம் வந்ததும் மற்றவர்களின் கதவை அடைக்கப் பார்த்தேனே, நான் என்ன மனுஷி என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு, பக்கம் இருக்கட்டும் என்றாள். ஆனால் நான் ஒன்று எழுதியிருக்கிறேன், அது என் முகத்தோடு, என் சொந்தப் பெயரோடு, என் லேபின் ஜன்னலோரம் எடுத்த போட்டோவோடு வர வேண்டும். உங்களைப் பற்றி ஓர் எழுத்துகூட அதில் இல்லை.

"ஏத்தினா ஏத்தினதுதாம்மா," என்றார் டீச்சர். "நாளைக்கு வேணாம்னா திரும்பி வராது. சித்தி பார்ப்பா, லேப் முதலாளி பார்ப்பாரு, தெருவே பார்க்கும்."

"பார்க்கட்டும் டீச்சர். இவ்வளவு நாள் இல்லாத ஆளைத் தேடிப் பார்த்தாங்க. இனிமே இருக்கற என்னைப் பார்க்கட்டும்."

டீச்சர் போனை வாங்கிப் படித்தார். ஓர் இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஒரு சொல்லையும் திருத்தவில்லை. பெயரும் முகமும் கூடாது என்ற விதியை மட்டும் தளர்த்தி, மற்ற விதிப்படி அவரே ஏற்றினார்.

அங்கிருந்து அவள் நேராக லாண்டரிக்குப் போனாள். பின்கட்டில் ஆவி புகைந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு வெள்ளைச் சட்டையின் காலரை அழுத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பொத்தான் தைக்கிறவள் உட்கார்ந்திருந்தாள். பல்லுக்காரி தன் போனை இஸ்திரி மேஜையில் வைத்து, வாசிக்கும் குரலைத் தட்டிவிட்டாள். அது முதலில் அவளுடைய பெயரைச் சொன்னது. பொத்தான்காரியின் ஊசி நின்றது.

"சத்தத்தைக் குறைடி."

"குறைக்க மாட்டேன். ஊருக்கே போட்டாச்சு."

குரல் வாசித்துக்கொண்டே போனது. 'இது சாக்கு இல்லை. ஒன்பதாம் வகுப்பில் என் தோழிகள் எல்லாரும் ஆளுக்கொரு பையன் பெயரைச் சொன்னார்கள். நான் சொல்லாவிட்டால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று, கூப்பிட வசதியாக இருந்த சின்னப் பெயராகப் பார்த்து ஒன்றைச் சொன்னேன். அது வீடு வரைக்கும் வந்தது. அம்மா துடைப்பத்தை எடுத்தாள். எனக்கு யாரையும் பிடிக்கலம்மா, யாரையும் பிடிக்கலம்மா என்று நான் கத்தினேன். அடி நிற்கவில்லை. இல்லாத காதலுக்கு அன்றைக்கு அடி வாங்கினேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். அன்றைக்கு அது பொய்யாகத் தெரிந்தது, இன்றைக்குச் சாக்காகத் தெரிகிறது. நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை. யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் நான் இப்படித்தான் இருப்பேன். வேலைக்குப் போவேன், சிரிப்பேன், என் ஆட்களை உயிராக நேசிப்பேன். என்னைச் சரிசெய்ய யாரும் வர வேண்டாம். என்னிடம் எதுவும் உடைந்து போகவில்லை.'

இஸ்திரிப் பெட்டி அம்மாவின் கையில் அந்தரத்திலேயே நின்றது. காலர் ஆறிப்போயிருந்தது.

"ஆமா, கத்தின," என்றாள் அம்மா. "எனக்கு ஞாபகம் இருக்கு. திரும்பத் திரும்ப அதையேதான் கத்தின."

அதற்குமேல் அவள் மகளைப் பார்க்கவில்லை. பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுத் தன் போனை எடுத்து, சித்திக்குப் போடச் சொன்னாள். நாளைக்கு நீ வர வேண்டாம் என்றாள். அந்தப் பக்கம் சித்தி என்ன கேட்டாள் என்பது ஆவிச் சத்தத்தில் கேட்கவில்லை. ஊகிக்கக் கஷ்டமும் இல்லை.

"கம்பெனியும் இல்ல, கையெழுத்தும் இல்ல," என்றாள் அம்மா போனில். "அவ மனசுல யாரும் இல்ல. இனிமே தேடாத. இஷ்டமில்லன்னா இஷ்டமில்ல, அவ்வளவுதான்."

வைத்துவிட்டு அடுத்த சட்டையை உதறி விரித்தாள். பல்லுக்காரி, அம்மா என்று கிட்டே போனாள். அம்மா கையைக் காட்டித் தடுத்தாள்.

"நம்பறேன்னுதான் சொன்னேன். சந்தோஷமா இருக்கேன்னு சொல்லல."

"சந்தோஷப்பட வேணாம்," என்றாள் மகள். "நம்பினதுக்கே நான் சந்தோஷப்பட்டுக்கறேன்."

பொத்தான்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, இப்போது வாசித்ததைத் தன் போனுக்கும் அனுப்ப முடியுமா என்று கேட்டாள். யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை.