காதைப் பார்த்துப் பேசுகிறவர்

என் கணவர் குளச்சலில் மீன் ஏலம் விடுகிறவர். எதிரில் தலையசைத்து விலை கேட்கிறவர்களைக்கூடக் கவனிக்காமல் விட ஆரம்பித்த பிறகுதான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நடுப்பார்வை போய்விட்டது, ஓரப்பார்வைதான் மிச்சம் என்றார்கள். நான் நம்பவில்லை. வீட்டில் என் கண்ணைப் பார்த்துத்தானே பேசுகிறார்!

ஆஸ்பத்திரியில் ஓரப்பார்வையால் பார்க்கப் பயிற்சி கொடுக்கிற பெண் என்னை அவர் எதிரே உட்காரவைத்தார்.

"நேரா பாக்காண்டாம் அண்ணே. அக்காக்க காதைப் பாருங்க, மொகம் தெரியும்."

அவர் பார்வையை என் காதுக்கு நகர்த்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏட்டி, முன்முடி எப்பம் நரச்சுது?"

நரைத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

இப்போதெல்லாம் என் காதைப் பார்த்துத்தான் பேசுகிறார். எப்போதாவது பழைய பழக்கத்தில் கண்ணோடு கண் பார்த்துச் சிரிப்பார். அந்த நேரத்தில் அவருக்கு எதிரில் நான் இல்லை.