முழங்கால் ஆழக் காவேரி

கல்லாற்றுக்குப் பக்கத்தில், ரிசர்வ் காட்டுக்குள் இருந்த குளத்தை வேலி போட்டு மூடியவர் நீர்தான், வன அதிகாரியே. ஆடி மாதம் வருகிற, நகரத்துக் கோட்டைக்குள் குடியிருக்கும் தமிழர்கள் தண்ணீரைக் கெடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் எழுதிவிட்டு மூடினீர். அது பொய். அந்தக் குளத்தில் இறங்கியவன் நான். எனக்குத் தெரியும்.

என் மனைவி தஞ்சாவூர்ப் பக்கம், காவேரிக் கரையில் பிறந்தவள். கோட்டைக்குள் என் வீட்டுக்கு வந்த பிறகு, பதினெட்டாம் பெருக்கு அன்று கிணற்றடியில் விளக்கேற்றிவிட்டு நாள் முழுக்கப் பேசாமல் இருப்பாள். நான் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. ஆறுதல் சொல்லத் தெரியாது. ஒரு வருஷம், "கிளம்பு" என்று மட்டும் சொன்னேன்.

கல்லாற்றுக்குத்தான் கூட்டிப்போனேன். ஆடியில் இந்த மலையாளச் சீமையில் அடைமழை என்பதை, மடையன், நான் யோசிக்கவில்லை. ஆறு கல்லை உருட்டிக்கொண்டு போனது. கால் வைக்க முடியாது. அவள் சித்திரான்னத் தூக்கோடு கரையில் நின்றாள். அங்கே வந்த காட்டுக் காவல்காரர்தான் பரிதாபப்பட்டு எங்களைக் குளத்துக்கு அழைத்துப்போனார். முழங்கால் ஆழம். அடியில் கிடந்த இலைகூடத் தெரிந்தது.

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். காவேரிக்குக் கொடுக்கிற ஓலைத் தோட்டையும் கருகமணியையும் வாழை மட்டையில் வைத்துத் தண்ணீரில் விட்டாள். மட்டை அசையவில்லை.

"ஏன்னா, காவேரி நின்னுண்டே இருக்காளே!"

"இரு, நான் ஓட வைக்கிறேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளினேன். மட்டை ஒரு சுற்றுச் சுற்றி என் காலடிக்கே வந்து நின்றது. சேறு கிளம்பியது.

"போறும்! காவேரிக்குத் தோடு வேண்டாமாம், உங்களைத்தான் கேக்கறா" என்று சிரித்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

காவல்காரர் கரையிலிருந்து கத்தினார்: "இவிடெ ஒழுக்கு இல்லல்லோ சாமி, தண்ணி ஓடாது! எருமை மாதிரி கலக்காதே. அந்த மூலையில சின்ன சால் உண்டு, அம்மா அதில விடட்டும்."

குளம் நிரம்பி வழிகிற இடம் அது. மட்டை அங்கே தயங்கி, புல்லில் உரசி, பிறகு ஓடியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் புளியோதரை தின்று முடிப்பதற்குள் கலங்கிய தண்ணீர் தெளிந்துவிட்டது. தின்ற இலையைக்கூடத் தூக்கிலேயே எடுத்துவந்தோம்.

ஏழு ஆடி போனோம். தெருவில் இன்னும் நாலு குடும்பம் சேர்ந்துகொண்டது. பெண்டுகள் கைகோத்துக்கொண்டு தண்ணீரில் நடப்பார்கள். என் மனைவிதான் முன்னால் போவாள். மட்டை நின்றுவிட்டால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

எட்டாவது ஆடியில் உம்முடைய முள்வேலி. உள்ளே உம் விருந்தாளிகள் சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே நின்றவள் தூக்கைத் திறக்கவே இல்லை. "வாங்கோ, நம்மாத்துக்கே திரும்பிப் போலாம்" என்றாள். அவ்வளவுதான். இப்போது மறுபடியும் அதே கிணற்றடி, அதே பேச்சில்லாத நாள்.

குளத்தைக் கலக்கியவன் நான்தான். ஒரு நாள், அரை மணி நேரம். ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சோப்பு நுரைக்கு யார் பொறுப்பு? எங்களைப் பழித்து எழுதினீரே, அதே பத்திரிகையில், அடுத்த ஆடிக்கு முன்னால், உம் பெயரைப் போட்டுப் பதில் எழுதும்.